தோட்டத்தில் நின்ற ரயில் பெட்டிகள்

லின்டன்–பார்ன்ஸ்டபிள் ரயில் பாதை 37 ஆண்டுகள்தான் ஓடியது. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்து வடகரைக் குன்றுகளுக்கிடையே 1898 மே மாதம் அது திறக்கப்பட்டது. 1935 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன் எஞ்சின்களில் ஒன்றுகூட அந்நாட்டில் மிஞ்சவில்லை. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு விற்கப்பட்டன. மரத்தாலான பயணிகள் பெட்டிகளில் சில மட்டும் தோட்டத்து அறையாகவும் கொட்டகையாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து, பிறகு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்றைத் தவிர ஒரே தொழிற்சாலையில் ஒரே சமயத்தில் செய்யப்பட்ட அந்தப் பெட்டிகளுக்கு மூன்று விதமான மறுவாழ்வு வாய்த்தது. பழைய ரயில் பெட்டியை மீட்பது என்றால் அதில் எதை மீட்பது என்ற கேள்விக்கு, இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

அந்தப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 597 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்கு அரை அங்குலம் குறைவு. தமிழ்நாட்டில் அண்மைக்காலம் வரை பரவலாக இருந்த மீட்டர் கேஜ் பாதை 1000 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டாலே இதன் ஒடுக்கம் புரியும். மேடும் பள்ளமும் நிறைந்த நிலத்தில் குறைந்த செலவில் பாதை போட இந்த அகலம் வசதியானது. கூர்மையான வளைவுகளில் திரும்பலாம். குன்றைக் குடைந்து போகாமல் அதன் விளிம்பைச் சுற்றிப் போகலாம். வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியோக் ரயில் பாதை இதே அகலத்தில் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்ததே இங்கே முன்மாதிரியாக இருந்தது. ‘ஸ்ட்ராண்ட்’ முதலிய இதழ்களை நடத்திப் பெரும் பொருள் ஈட்டிய சர் ஜார்ஜ் நியூன்ஸ் இத்திட்டத்தின் முதன்மைப் புரவலர். லின்டனில் வீடு கட்டிக்கொண்ட அவர், ஊருக்குக் கோடைப் பயணிகளை வரவழைக்க விரும்பினார். ஏறக்குறைய 31 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம்வரை ஏறி இறங்கியது. செல்ஃபம் என்ற இடத்தில் எட்டு வளைவுகளோடு 21 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட பாலம் இன்றும் நிற்கிறது.

பெட்டிகளைச் செய்தது பிரிஸ்டல் வேகன் அண்ட் கேரேஜ் ஒர்க்ஸ். 1897-இல் அந்த நிறுவனம் 16 பெட்டிகளை முடித்துக் கொடுத்தது. ஒவ்வொன்றும் 39 அடி 6 அங்குல நீளம். போகி எனப்படும் நான்கு சக்கரத் தாங்கி முன்னும் பின்னும் ஒவ்வொன்று. குறும்பாதைப் பெட்டி என்றால் சிறியதாக, நான்கு சக்கரத்தில் தடதடத்து ஓடும் ஒன்றையே அக்காலத்தவர் எதிர்பார்த்தனர். பிரிஸ்டல் பெட்டிகளோ அகலப்பாதைப் பெட்டிகளின் இலக்கணத்தை அப்படியே குறுக்கிச் செய்தவை. அறை அறையாகப் பிரித்த அமைப்பு, ஒவ்வோர் அறைக்கும் வெளிக்கதவு, முதல் வகுப்புக்கு மெத்தை, மூன்றாம் வகுப்புக்கு மரப்பலகை. சில பெட்டிகளின் ஒரு முனையில், கண்ணாடி சூழ்ந்த காட்சி அறை ஒன்று இருந்தது. வேறு சிலவற்றில் நடுப்பகுதி இடுப்புயரத்துக்கு மேல் கண்ணாடியே இல்லாமல் திறந்து கிடந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நம்பிப் போடப்பட்ட பாதை என்பதற்கு இந்தப் பெட்டிகளே சாட்சி. 1911-இல் பதினேழாவதாக ஒரு பெட்டி பார்ன்ஸ்டபிளிலேயே செய்யப்பட்டது. மூடப்படும் நாள்வரை பயணிகளைச் சுமந்தவை இந்தப் பதினேழும்தான்.

பாதை ஒருபோதும் செழிக்கவில்லை. கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டி எகிறியது. லின்டன் நிலையம் ஊரை விட்டு விலகி மேட்டின்மேல் அமைந்தது. 31 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் பேருந்துகளும் கார்களும் மலைச்சாலைகளில் ஏறத் தொடங்கியதும் பயணிகள் குறைந்தனர். 1923-இல் பாதை சதர்ன் ரயில்வேயின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் பாதையைச் சீர்படுத்தியது, 1925-இல் ‘லியூ’ என்ற புதிய எஞ்சினையும் வாங்கியது. இருந்தும் கணக்கு நேராகவில்லை. 1935 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, கடைசி வண்டி இரண்டு எஞ்சின்கள் பூட்டி ஓடியது. மறுநாள் பார்ன்ஸ்டபிள் நகர நிலையத்தில் தண்டவாளம் முடியும் கட்டையின்மேல் மலர்வளையம் ஒன்று வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 13-இல் எல்லாம் ஏலத்துக்கு வந்தன.

அந்த ஏலத்தில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். எஞ்சின் என்பது இரும்பு, செம்பு, பித்தளை. காயலான் கடைக்காரருக்கு எடைபோட்டால் காசு. அதனால் நான்கு எஞ்சின்கள் உடைக்கப்பட்டன. ‘லியூ’ மட்டும் தப்பி, 1936-இல் கப்பலேறிப் பிரேசிலுக்குப் போய், அங்கே சுவடில்லாமல் மறைந்தது. பெட்டிகள் பலவற்றின் அடிச்சட்டத்துக்கும் சக்கரங்களுக்கும் அதே கதிதான். ஆனால் மேலே உட்கார்ந்திருந்த மர உடலுக்குப் பழைய இரும்புச் சந்தையில் மதிப்பே கிடையாது. அதை உடைத்து விறகாக்குவதைவிட, உடைக்காமல் விற்பதே ஆதாயம். வாங்க ஆளும் இருந்தார்கள்.

பழைய ரயில் பெட்டியைக் குடியிருப்பாக மாற்றும் வழக்கம் பிரிட்டனில் அப்போது நன்கு வேரூன்றி இருந்தது. தென்கடற்கரையில் ஷோர்ஹாம் அருகே, கழித்துப்போட்ட பெட்டிகளைக் கடற்கரையில் இறக்கி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கூரை போட்டு, ஒரு முழுக் குடியிருப்பே எழும்பியது. நல்ல கடின மரம், இறுகப் பொருந்திய கதவு, ஏற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னல், ஒழுகாத கூரை இவையெல்லாம் சேர்ந்த ஓர் அறையைப் புதிதாகக் கட்டுவதானால் ஆகும் செலவில் சிறு பங்கே பெட்டியின் விலை. குறும்பாதைப் பெட்டிக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. உடல் ஒடுக்கமாக இருப்பதால் கிராமத்துச் சந்துகள் வழியே வண்டியில் ஏற்றிப்போகலாம். நீளம் அதிகமென்றால் நடுவில் அறுத்து இரண்டாக்கிவிடலாம். லின்டன் பெட்டிகள் இப்படித்தான் டெவனின் பல பகுதிகளுக்கும் சிதறின. 2-ஆம் எண் பெட்டி, கிளானபரோ என்ற சிற்றூரில் பாதிரியார் இல்லத்துத் தோட்டத்துக்குப் போய்க் கோடை அறையானது. 6, 15 எண் பெட்டிகள் இரண்டும், முன்பு தாங்கள் நின்று புறப்பட்ட ஸ்னாப்பர் என்ற சிறு நிறுத்தத்தின் அருகிலேயே தங்கிவிட்டன.

வாங்கியவர்களுக்கு ரயில்மேல் பற்று இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓர் அறை. ஆனால் அறை என்பதால்தான் அதன்மேல் அக்கறை வந்தது. கூரைக்குத் தார்பூசிய கனத்த தாள் போர்த்தினார்கள், மழை அடிக்கும் பக்கத்துக்குத் தகரம் அடித்தார்கள், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை கையில் கிடைத்த வண்ணத்தைப் பூசினார்கள். ரயில் சரித்திரத்தின்மேல் ஆர்வம் கொண்டவர்கள் பிற்காலத்தில் இவர்களைக் குறைகூறியது உண்டு, அது நியாயமல்ல. அந்தத் தகரமும் வண்ணமும் இல்லாவிட்டால் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1935-இல் எந்த அருங்காட்சியகமும் ஒரு குறும்பாதைப் பெட்டிக்காகக் கை தூக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பழைய பாதைகளைக் காப்பாற்றும் எண்ணமே அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது. வேல்ஸின் டாலிலின் ரயில் பாதை 1950-இல் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் முன்னின்று ஒரு சங்கத்தை அமைத்தார். 1951-இல் தொண்டர்களே அங்கே வண்டி ஓட்டத் தொடங்கினர். உலகில் இவ்வகையில் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் பாதை அதுதான். டாலிலினின் சொந்தப் பெட்டிகள் 1860-களில் செய்தவை. பாதை ஒரு நாளும் முற்றாக மூடப்படாததால் அவை அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது, பெட்டிகள் போதவில்லை. புதிதாகச் செய்யப் பணமில்லை. அப்போதுதான் தொண்டர்களின் கண் தோட்டங்களின் பக்கம் திரும்பியது.

வேல்ஸிலேயே இருந்த கிளின் பள்ளத்தாக்குப் பாதை 1933-இல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியிருந்தது. அதன் பெட்டி ஒன்று சிர்க் என்ற ஊரில் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் நின்றது. இன்னொன்றும் அவ்வட்டாரத்திலேயே கிடைத்தது. இரண்டும் டாலிலின் பணிமனைக்கு வந்தன. பாதைகளின் அகலம் ஒன்றல்ல. கிளின் பாதை இரண்டே கால் அடியான டாலிலினைவிட ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் கூடுதல். ஆகவே புதிய சக்கர ஏற்பாடு தேவைப்பட்டது. 1958-இல் அவை ஓடத் தொடங்கின. காரிஸ் பாதையின் பெட்டி ஒன்று கோபோவன் ஊரில் ஒரு தோட்டத்துக் கொட்டகையாக முப்பது ஆண்டுகளை ஒட்டிக் கழித்திருந்தது. காரிஸ் பாதைக்கும் டாலிலினுக்கும் அகலம் ஒன்றே என்பதால் அதைச் சேர்த்துக்கொள்வதில் அந்தத் தொல்லை எழவில்லை. 1961-இல் அதுவும் பணிக்கு வந்தது. தோட்டத்திலிருந்து தண்டவாளத்துக்கு என்ற வழி அங்கே திறந்தது. தேவை முதலில் வந்தது. வரலாற்றுணர்வு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

லின்டன் பெட்டி ஒன்றின் முதல் மறுவாழ்வும் இதே தேவையிலிருந்து வந்ததுதான். ஃபெஸ்டினியோக் பாதை 1946-இல் நின்றுபோயிருந்தது. 1954-இல் ஆலன் பெக்லர் அதன் உரிமையைப் பெற்றதும், 1955-இல் ஒரு சிறு பகுதி திறந்தது. அங்கேயும் கூட்டம் பெருகப் பெருகப் பெட்டி போதவில்லை. டெவனில் ஸ்னாப்பரில் நின்ற 15-ஆம் எண் பெட்டி ஃபெஸ்டினியோக்கின் அதே 597 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்யப்பட்டது. 1959-இல் அது வேல்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. உடன் நின்ற 6-ஆம் எண் பெட்டிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஒரு சிக்கல் இருந்தது: ஃபெஸ்டினியோக்கின் சுரங்கங்களும் பாறை வெட்டுகளும் லின்டனைவிட நெருக்கமானவை. அதற்கேற்ப உடலின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளே தடுப்புகளை எடுத்துவிட்டுத் தேநீரும் தின்பண்டமும் விற்கும் பெட்டியாக்கி, 14 என்று புதிய எண்ணிட்டு, 1963-இல் ஓடவிட்டார்கள்.  பிறந்த பாதையில் ஓடிய காலத்தின் இருமடங்கை நெருங்கும் அளவுக்கு அது வேல்ஸில் இருந்துவிட்டது.

இப்படிப்பட்ட பெட்டி பணிமனைக்கு வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அக்காலப் பிரிட்டிஷ் பெட்டியின் உடல், கடின மரச் சட்டங்களால் ஆன ஒரு கூடு. ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளையில் இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் வெளிப்பக்கம் மெல்லிய மரப்பலகைகள். பலகை கூடும் இடங்களை மறைக்க, இழைத்த மரப்பட்டிகள். கூரைப் பலகைகளின்மேல் வெள்ளை ஈயப் பசை தடவி, அதில் கித்தான் துணியை ஒரே விரிப்பாகப் படியவைத்து, மேலும் பூச்சுகள் கொடுப்பார்கள். பெட்டி சக்கரத்தின்மேல் இருக்கும்வரை காற்று அடியிலும் புகுந்து போகும். தரையில் இறக்கியதும் அது நின்றுபோகிறது. மண்ணின் ஈரம் அடிக்கட்டைகளில் ஏறி, அங்கிருந்து நிலைச்சட்டங்களின் பாதங்களைத் தின்னும். ஆகவே தோட்டத்துப் பெட்டிகளில் பொதுவாக மேற்பாதி தேறும், கீழ்ப்பாதி தேறாது. கதவுக் கைப்பிடி, சாமான் தாங்கி, விளக்குக் கூடு போன்ற பித்தளைச் சாமான்கள் என்றோ கழன்று போயிருக்கும். புகைபோக்கி வைப்பதற்காகக் கூரையில் ஓட்டை, கட்டில் போடுவதற்காக அறுத்தெறிந்த தடுப்பு, பெரிய ஜன்னலுக்காக வெட்டிய பக்கவாட்டு இவையெல்லாம் குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற தடங்கள்.

பணிமனையில் முதல் வேலை அறுப்பதோ ஒட்டுவதோ அல்ல, அளப்பதும் பதிவதும்தான். தடுப்பு இருந்த இடத்தை, தரைப்பலகையில் தேயாமல் விட்ட ஒரு கோடு காட்டிக்கொடுக்கும். இருக்கையின் உயரத்தைச் சுவரில் வரிசையாக நிற்கும் அடைபட்ட திருகாணித் துளைகள் சொல்லும். ஒரு கதவின் உட்சட்டத்தில் அதைப் பொருத்திய தச்சர் வெட்டிய எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு கதவு எந்தத் திறப்புக்கு உரியது என்று கண்டுபிடிக்கலாம். மிகவும் நிதானம் வேண்டிய வேலை வண்ணத்தைப் படிப்பது. வெயிலும் மழையும் படாத மூலையாகப் பார்த்து, கைக்குட்டை அளவு இடத்தில், மிக நுண்ணிய உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரிய, மேலே தோட்டக்காரர் பூசிய பச்சை, அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே ரயில்வே காலத்து வண்ணம், அடியில் முதற்பூச்சு என்று அடுக்கு வெளிப்படும். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். உலர்ந்த தூசியைச் சுவாசித்தால் நஞ்சு என்பதாலும் ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சொல்லாத ஒன்றை இந்தச் சிறு வட்டம் சொல்லிவிடுகிறது. பெட்டி எந்த நிறத்தில் ஓடியது என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடையாது.

அதன் பிறகே உளி எடுக்கிறார்கள். அழுகிய பாதத்தை வெட்டி, அதே இனத்து மரத்தில் புதுத்துண்டு செய்து, சாய்வாகச் செதுக்கிய இணைப்பால் பழைய சட்டத்தோடு சேர்ப்பது நல்ல தச்சரின் வழி. முழுச் சட்டத்தையும் மாற்றிவிடுவது எளிது, விரைவும்கூட. ஆனால் அப்படி மாற்றும் ஒவ்வொரு சட்டத்தோடும் அதிலிருந்த துளைகளும் எண்களும் உளித்தடங்களும் போய்விடுகின்றன. அடிச்சட்டமும் போகிகளும் பெரும்பாலும் புதிதாகவே செய்யப்பட வேண்டும், ஏனென்றால் லின்டன் பெட்டிகளில் பலவற்றின் இரும்பு ஏலத்துக்குப் பிறகே உருக்கப்பட்டுவிட்டது. பயணிகளை ஏற்றுவதானால் வண்டி முழுதும் இயங்கும் தானியங்கி பிரேக்கும், உடைந்தால் கூரிய சில்லாகாத கண்ணாடியும், முறிவுக்குச் சோதித்த உருக்கும் வேண்டும். பழமையும் பாதுகாப்பும் மோதும் இடம் இது. பெரும்பாலான பணிமனைகளில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பழையபடி வைத்து, தெரியாத பகுதியை இன்றைய விதிகளுக்கு ஏற்ப அமைக்கிறார்கள்.

இந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்த இடமும் உண்டு. கிளானபரோ பாதிரியார் இல்லத்திலிருந்த 2-ஆம் எண் பெட்டியை 1980-களின் தொடக்கத்தில் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் பெற்றது. அங்கே அதைப் பளபளப்பாக்கவில்லை. மேலும் சிதையாமல் காத்து, மங்கிய மரமும் தேய்ந்த வண்ணமுமாகவே வைத்தார்கள். பார்வையாளர் சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் 1897-இல் பிரிஸ்டல் தச்சர் வைத்த கட்டை எது, அதை எப்படி இணைத்தார் என்று அறிய விரும்புகிறவருக்கு அதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை. தோட்டத்தில் கழிந்த ஆண்டுகளும் அந்தப் பெட்டியின் வரலாறுதான். அவை மரத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன.

மூன்றாவது வழி, பிறந்த ஊருக்கே திரும்பிய பெட்டிகளுடையது. லின்டன் பாதையை உயிர்ப்பிக்க 1979-இல் ஒரு சங்கம் தொடங்கியது. தண்டவாளம் இல்லை, எஞ்சின் இல்லை. பாதை சென்ற நிலமோ பலர் கைக்குப் போயிருந்தது. 1995-இல் அந்தப் பாதையின் பழைய வூடி பே நிலையத்தை வாங்கினர். 2004-இல் அங்கே ஒரு சிறு தொலைவுக்குப் பயணிகள் வண்டி ஓடியது. பின்னர் அது ஏறக்குறைய ஒரு மைலாக நீண்டது. இதற்கிடையே தொண்டர்கள் டெவன் முழுவதும் தேடி, பழைய பெட்டிகளின் உடல்களையும் உடல்களின் துண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். சிலது பாதிப் பெட்டி. சிலது ஒரு பக்கச் சுவர் மட்டும். அவற்றை அடிப்படையாகக் கொண்டு பெட்டிகளைத் திரும்பக் கட்டும் வேலை ஃபெஸ்டினியோக்கின் பாஸ்டன் லாட்ஜ் பணிமனைக்குப் போனது. 15-ஆம் எண் பெட்டியை அரைநூற்றாண்டுக்கு முன் ஏற்றுக்கொண்ட அதே ரயில் நிறுவனம்தான் இப்போது அதன் உடன்பிறப்புகளுக்கு உருக்கொடுத்தது. 7, 16 எண் பெட்டிகள் 2013-இல் வூடி பே வந்து சேர்ந்தன. பார்ன்ஸ்டபிளில் செய்த 17-ஆம் எண் பெட்டியும் பிறகு அவற்றோடு சேர்ந்தது. 7-ஆம் எண் பெட்டியின் திறந்த நடுப்பகுதியில் இன்றும் பயணிகள் காற்று வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் பெட்டிகளில் பழைய மரத்தைவிடப் புது மரமே அதிகம். அப்படியானால் அவை பழைய பெட்டிகளா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வேல்ஸின் வெல்ஷ்பூல் பாதையோடு ஒப்பிட்டால் விடை தெளிவாகும். அங்கே 1931-இல் பயணிகள் போக்குவரத்து நின்றபின் பழைய பெட்டிகள் உடைக்கப்பட்டுவிட்டன. மீட்க ஒரு துண்டுகூட இல்லை. ஆகவே வரைபடத்தைப் பார்த்துப் புதிய பெட்டிகளையே செய்தார்கள். முதலாவது 2004-இல் வந்தது. அதுவும் பாஸ்டன் லாட்ஜ் கைவண்ணமே. அழகான வேலை, ஆனால் அது பழைய பெட்டி என்று அங்கே யாரும் சொல்வதில்லை. லின்டன் பெட்டிகளில், எஞ்சிய துண்டு அளவில் சிறியதானாலும் அதுதான் அளவுகோல். ஜன்னல் வளைவின் ஆரம், மரப்பட்டியின் இழைப்பு, இணைப்பின் கோணம் எல்லாம் அந்தத் துண்டிலிருந்தே எடுக்கப்பட்டன. பழைய மரம் எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்று பதிந்து வைக்கும்வரை, அப்படிக் கட்டிய பெட்டியைப் போலி என்று தள்ளிவிட முடியாது. பதிவு இல்லாதபோதுதான் அது போலியாகிறது.

மூன்று வழிகளில் எது சிறந்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வழியில் கொண்டுபோவது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். எல்லாப் பெட்டிகளையும் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால், வளைவில் திரும்பும்போது மரச்சட்டம் எப்படி முனகும், திறந்த பகுதியில் எவ்வளவு புகை அடிக்கும் என்பதை யாரும் அறிய வழியில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கட்டியிருந்தால், கட்டுகிறவர்கள் ஐயம் வந்தபோது போய்ப் பார்த்து ஒப்பிடக் கைபடாத ஒரு பெட்டி இருந்திருக்காது. 15-ஆம் எண் பெட்டியை 1959-க்குப் பிறகு மாற்றிக் கட்டியதை இன்றைய அளவுகோலால் குறைசொல்லலாம். ஆனால் மாற்றாமல் ஓட்டியிருக்க முடியாது, ஓட்டாமல் அதைக் காப்பாற்ற அன்று யாரிடமும் பணம் இருந்திருக்காது.

தோட்டத்துக்குப் போகாமலே முழுத்தொகுதியாகத் தப்பிய பெட்டிகளின் கதை அமெரிக்காவில் உண்டு. மெய்ன் மாநிலத்தில் இரண்டடி அகலப் பாதைகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றான பிரிட்ஜ்டன் பாதை 1941-இல் மூடப்பட்டபோது, மாசசூசெட்ஸில் கிரான்பெரி பயிரிட்ட எல்லிஸ் டி. அட்வுட் அதன் எஞ்சின்களையும் பெட்டிகளையும் சக்கரத்தோடு வாங்கினார். போர் முடிந்ததும் அவற்றைத் தன் பண்ணைக்குக் கொண்டுவந்து, வயல்களைச் சுற்றி ஐந்தரை மைல் வளையப் பாதை போட்டார். முதலில் பண்ணை வேலைக்கு. விரைவிலேயே பார்க்க வந்த கூட்டத்துக்கு. 1950-இல் அவர் இறந்தபின்னும் வண்டி ஓடியது. 1990-களில் அந்தத் தொகுதியின் பெரும்பகுதி மெய்னுக்கே திரும்பி, போர்ட்லண்ட் நகருக்குப் போனது. சக்கரமும் அடிச்சட்டமும் உடலும் பிரியாமல் நின்றதால், பிரிட்டிஷ் பணிமனைகள் பட்ட பாட்டில் பாதி அங்கே தேவைப்படவில்லை. உரிய நேரத்தில் பணத்தோடு ஒருவர் வந்து நின்றால் என்ன மிஞ்சும் என்பதை அது காட்டுகிறது. டெவனில் 1935-இல் அப்படி ஒருவர் இல்லை.

மீட்பு முடிந்த பெட்டிக்கும் அழிவு திரும்ப வரும். கூரைக் கித்தானில் ஓர் இழை பிரிந்தால் நீர் உள்ளே இறங்கும். கதவின் கீழ்விளிம்பில் வார்னிஷ் விரிந்தால் பலகை ஊதும். கடற்காற்றும் மழையும் மிகுந்த வேல்ஸிலும் டெவனிலும் வெட்டவெளியில் நிறுத்திய மரப்பெட்டி சில குளிர்காலங்களிலேயே தோட்டத்துப் பெட்டியின் நிலைக்கு இறங்கிவிடும். ஃபெஸ்டினியோக்கிற்காகவே 1872-இல் செய்த, அதன் சொந்த வரிசையின் 15, 16 எண் பெட்டிகள், பிரிட்டனின் முதல் இரும்புச்சட்டப் போகிப் பெட்டிகள், இன்றும் ஓடுவதற்குத் தொடர்ந்த பராமரிப்போடு தலைக்குமேல் கூரை இருப்பதும் ஒரு காரணம். ஆகவே பெட்டிகளைத் திரும்பக் கட்டும் குறும்பாதைகள் இப்போது அவற்றை நிறுத்தும் மூடிய கொட்டகைகளுக்கும் சேர்த்தே பணம் திரட்டுகின்றன. பெட்டி வேலைக்குக் கொடுக்க முன்வரும் நன்கொடையாளர் கொட்டகைக்குத் தயங்குவார். ஆனாலும் திட்டமிடும்போது கொட்டகையை முதலில் வைப்பதே அனுபவப்பட்ட பணிமனைகளின் வழக்கமாகி வருகிறது.